எதிர் வங்கி மேடமும் புதுப்பட்டினத்து வீட்டுக்கடனும்

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, வாடிக்கையாளரின் நம்பிக்கையைச் சம்பாதிப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டுமாம். உங்கள் மேலாளர் போன் போட்டுக் கேட்டார். ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார், பாவம். நம்பிக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொருவர் மேல் பொறாமைப்பட்டுத் தெரிந்துகொண்டதுதான். வயிறு எரிந்து கற்றதை அழகாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டில் நம் வீட்டுக்கடன் நிறுவனத்தின் கிளை இருக்கிறதே, அதற்கு நேர் எதிரே சாலையின் அந்தப் பக்கம் ஒரு வங்கி இருந்தது. அதில் வீட்டுக்கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அம்மா. பெயர் வேண்டாம், எதிர் வங்கி மேடம் என்றே வைத்துக்கொள்வோம். வயதில் என்னைவிடச் சின்னவர். அனுபவத்திலும் சின்னவர். அதிர்ந்து பேசமாட்டார், விளம்பரப் பலகை வைக்கமாட்டார், கண்காட்சியில் ஸ்டால் போடமாட்டார். ஆனால் கூட்டம் மட்டும் அங்கேதான் போகும். நான் காபி வாங்கிக் கொடுத்து, ஏசியைக் கூட்டி வைத்து, குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்து அனுப்புவேன். அவர்கள் என் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சாலையைத் தாண்டுவார்கள். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த வாசல் தெரியும். அந்த நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டிருக்கலாம். போடவில்லை.

முக்கியமாக, கல்பாக்கம் அணுசக்தி ஊழியர்கள் குடியிருக்கிற அணுபுரம் ஆட்கள். அங்கே குவார்ட்டர்ஸில் ஒருவர் ஓரிடத்தில் கடன் வாங்கினால் பிளாக் முழுக்க அங்கேயே போகும். சாயங்கால நடையில் அவர்களுக்கு இதுதான் பேச்சு. 'அவனுக்குக் கால் சதவீதம் கம்மி, எனக்கு மட்டும் ஏன் ஜாஸ்தி?' என்று சண்டைக்கு வருவார்கள். அடுத்தவர் வட்டியைப் பார்த்துப் பொருமும் அந்த மனிதர்களை எனக்கு நன்றாகப் புரியும். நானும் அதே ஜாதிதானே!

இதில் இன்னொரு கொடுமை. அந்த மேடம் தன்னிடம் வருகிறவர்களிடம், "உடனே முடிவு பண்ணாதீங்க. இன்னும் நாலு இடத்துல விசாரிச்சிட்டு வாங்க. விண்ணப்பம் எங்கேயும் போட்டுடாதீங்க, சும்மா விவரம் மட்டும் கேளுங்க" என்று சொல்லி அனுப்புவார். அந்த நாலு இடத்தில் ஒன்று நான். அதாவது அவருடைய கடன் எவ்வளவு நல்லது என்று தெரிந்துகொள்ள ஒத்துப்பார்க்கிற சரக்கு நான். எவ்வளவு திமிர் இருந்தால் இப்படிச் செய்வார் என்று நினைப்பேன். வீட்டுக்குப் போனால் என் மனைவி கதவைத் திறக்கும்போதே, "இன்னிக்கு எத்தினி பேரை அந்தம்மா இட்டுகினு போச்சி?" என்று கேட்பாள். அவளுக்கு அது சீரியல் பார்ப்பது மாதிரி.

இப்படி இருந்த நாளில்தான் காதர் பாயும் அவர் மனைவி பாத்திமாவும் வந்தார்கள். கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் பாய்க்கு ஸ்கூல் பேக், சூட்கேஸ் விற்கிற கடை. பாத்திமா வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து, அணுபுரத்திலிருந்து எல்லாம் அவரிடம் வருவார்கள். கல்யாணச் சீசனில் இடம் கிடைக்காது. அந்த வீட்டின் சொந்தக்கார அம்மா இறந்துபோய், பெங்களூரில் இருக்கும் அவர் மகன் வீட்டை விற்க முடிவு செய்துவிட்டார். அணுமின் நிலையத்துக்கு வரும் ஒப்பந்த ஆட்களுக்கு லாட்ஜ் கட்ட ஒருவர் விலை பேசிவிட்டுக் காத்திருந்தார். இருந்தாலும் அந்த மகன் நல்ல பையன். இவ்வளவு வருஷம் குடியிருந்தவர்களாயிற்றே என்று, மாதக் கடைசி வரை இவர்களுக்கு அவகாசம் கொடுத்திருந்தார். அதற்குள் கடன் கிடைத்தால் வீடு இவர்களுக்கு. இல்லையென்றால் வீடும் போச்சு, அந்த முன்னறையை நம்பி வருகிற தையல் தொழிலும் போச்சு.

பேசியது முழுக்கப் பாத்திமாதான். பாய் நல்ல பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சார், கோச்சிக்காதீங்க. நாங்க நாலு எடத்துல கேட்டுகினுதான் முடிவு பண்ணுவோம்."

"தாராளமா கேளுங்கம்மா" என்றேன். யார் சொல்லி அனுப்பியது என்று எனக்குத் தெரியாதா?

பாய் சிரித்தார். "இவ அப்டிதான் சார். லைனிங் துணி எட்க்கவே பத்து கட ஏறி எறங்குவா. என் கடைல பேகு வாங்க வந்திருந்தா எனக்கு ஒரு ரூபா லாபம் கெடச்சிருக்காது. அதான் கட்டிகினேன்."

"நீ சும்மா இரு" என்று அவரை அடக்கிவிட்டுப் பாத்திமா கேட்டார். "ஒரு மாசம் எங்களால கட்ட முடியலன்னா நீங்க இன்னா செய்வீங்க சார்?"

வட்டி கேட்பார்கள், முன்பணம் கேட்பார்கள், எத்தனை வருஷம் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை வந்த முதல் நாளே கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் சிரித்த முகமாக, "அதெல்லாம் அப்படி ஆவாதும்மா. நல்லதே நெனைங்க. நம்ம கம்பெனி குடும்பம் மாதிரி" என்றேன். பாத்திமா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். கடையில் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைக்கிறவர்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள்.

நாலு இடமும் சுற்றிவிட்டு மறுபடியும் வந்தார்கள். வட்டி எங்கே எவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன். பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எதிர்ல என்னம்மா சொன்னாங்க? நீங்க கேட்டீங்களே, கட்ட முடியலன்னா என்னன்னு?"

"மேடமா? மொத மாசம் போன் வரும், அபராதம் போடுவோம், சிபில் கணக்குல கெட்ட பேரா பதிவாகும்னாங்க. மூணு மாசம் ஆச்சின்னா நோட்டீஸ் வரும், அப்புறம் எங் கையில ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டாங்க. கட்ட முடியாதுன்னு தோணுச்சின்னா தேதிக்கு முன்னாடியே வந்து என் முன்னாடி குந்திடுங்க, பாத்துக்கலாம்னாங்க."

"இப்படிப் பயமுறுத்துனா எப்படிம்மா?"

"பயமா இல்ல சார். தெரிஞ்சா நல்லதுதானே?"

காதில் புகை வந்தது எனக்கு. நான் சாக்லேட் கொடுத்தேன், அந்த அம்மா நோட்டீஸைக் கொடுத்திருக்கிறார். இவர்களுக்கு நோட்டீஸ்தான் இனிக்கிறது! அன்றைக்கே சென்னையில் மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டு, கெஞ்சி, சண்டை போட்டு, நம் வட்டியில் ஒரு சலுகை வாங்கினேன். விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வாங்கும் செயல்முறைக் கட்டணமும் வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். எதிர் வங்கியின் வட்டிக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பாத்திமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "யோசிச்சு சொல்றோம் சார்" என்றார்.

யோசித்தார்கள். மறுநாள் இரண்டு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அங்கே போய் விண்ணப்பம் கொடுத்தார்கள். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போகட்டும், வட்டி கால் சதவீதம் கம்மி என்று போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். வட்டி ஏறக்குறைய ஒன்றுதான். ஆளைப் பார்த்துத்தான் போனார்கள். அதுதான் எரிந்தது.

இனிமேல் நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இது உங்களுக்கும் வரும்.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் அந்த மேடமே சாலையைத் தாண்டி என் அலுவலகத்துக்குள் வந்தார். பின்னால் காதர் பாயும் பாத்திமாவும். பாத்திமாவின் முகம் செத்துப்போயிருந்தது.

"சார், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்றார் மேடம். நான் எழுந்து நிற்கவில்லை. பிறகு நின்றேன்.

"இவங்க கடன் எங்க தலைமை அலுவலகத்துல நின்னுபோச்சு. பாய் வருமான வரிக் கணக்கு இப்பத்தான் தாக்கல் பண்ண ஆரம்பிச்சிருக்காரு. தையல் வருமானத்துக்குக் காகிதமே இல்ல. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், எங்க விதி அப்படி. உங்க கம்பெனியில நேர்ல போய்ப் பாத்து வருமானத்தைக் கணக்கிட வழி இருக்கே. நீங்க எடுத்துக்கணும்."

நான் ஜெயித்த நாள் அது. கேட்டால் சிரிப்பீர்கள், அன்றைக்குத்தான் எனக்குப் பொறாமை தலைக்கேறியது. தான் செய்ய முடியாததைச் செய்ய முடியாது என்று, அதுவும் போட்டியாளர் முன்னால் வந்து நின்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது கிடையாது. நானாக இருந்தால் 'பார்த்துக்கொண்டிருக்கிறோம், மேலே போயிருக்கிறது' என்று மாதக் கடைசி வரை இழுத்திருப்பேன். பாத்திமா என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் என்னைப் பார்க்கவில்லை, அந்த மேடத்தைத்தான் பார்த்தார். அவர் 'உட்காருங்க' என்பது போலக் கண்ணைக் காட்டிவிட்டுப் போனார். என் அலுவலகத்தில், என் நாற்காலியில்!

மறுநாளே புதுப்பட்டினம் போனேன். காகிதத்தில் வருமானம் காட்ட முடியாதவர்களுக்கு நம் வேலை எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கடையில் போய் உட்கார வேண்டும், வருகிறவர் போகிறவரைப் பார்க்க வேண்டும், சரக்கு போடுகிறவரிடம் பேச வேண்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். பாயின் கடையில் உட்கார்ந்தேன். பிறகு பாத்திமாவின் முன்னறையில் உட்கார்ந்தேன். பெண்கள் வந்து, ஒரு ஆண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கி வாசலிலேயே நின்று துணியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அணுபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் உள்ளே வந்து, "நீங்க பேங்க்காரரா? இவங்க இங்கருந்து போயிட்டா எங்க பொண்ணு கல்யாணத்துக்கு யார் தைப்பாங்க? சீக்கிரம் குடுத்துடுங்க" என்று எனக்கு உத்தரவு போட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். "ஏற்கெனவே ஒரு மேடம் வந்து கேட்டுகினு போனாங்களே சார். நல்லா பேசுனாங்க. நாஸ்தா துன்னுட்டுப் போங்கன்னோம், மாட்டேன்னுட்டாங்க" என்றார். அங்கேயும் எனக்கு முன்னால்! என்னை அவர் நாஸ்தா சாப்பிடச் சொல்லவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

வருமானம் போதும். கட்டக்கூடியவர்கள். சந்தேகமே இல்லை. திரும்பி வந்து கோப்பை மேலே அனுப்பினேன். மாலைக்குள் மண்டலத் தலைவர் போனில் வந்தார்.

"இவங்க எதிர் பேங்க்ல ரிஜெக்ட் ஆனவங்கதானே?"

"விதி ஒத்துவரல சார். ஆளுங்க நல்லவங்க."

"அது இருக்கட்டும். இனிமே இவங்களுக்கு வேற எங்க போக முடியும்? மாசக் கடைசிக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு? அந்தச் சலுகைய எடுத்துடு. பழைய வட்டியே போடு. செயல்முறைக் கட்டணமும் போடு, கூடவே இன்சூரன்ஸ் ஒண்ணு ஒட்டு. கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க."

அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. சலுகை சொன்ன நாளில் அவர்கள் ஏற்கவில்லை, ஆகவே அது காலாவதி ஆகிவிட்டது. என் கிளையின் மாத இலக்கும் அப்போது தடுமாறிக்கொண்டிருந்தது. வேறு யார் கோப்பாக இருந்தாலும் ஒட்டியிருப்பேன், மறைக்கவில்லை. போனைப் பிடித்தபடி என் மனசில் ஓடியது இது ஒன்றுதான். பாத்திமா நேரே அங்கே போவார். காகிதத்தைக் காட்டுவார். அந்த மேடம் படித்துப் பார்ப்பார். படித்துவிட்டுச் சாலைக்கு இந்தப் பக்கம் என்னை ஒரு தடவை பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க என்னால் முடியாது.

"இல்ல சார். நான் சொன்ன வட்டி சொன்னதுதான்" என்றேன்.

"யார்கிட்ட சொன்ன? எழுத்துல குடுத்தியா?"

"வாயால சொன்னேன். இவங்க போய் எதிர்ல காட்டுவாங்க சார்."

"எதிர்லதான் முடியாதுன்னுட்டாங்களே! அப்புறம் அந்தம்மா பாத்தா நமக்கு என்னய்யா? அந்தம்மா யாரு நமக்கு?"

நிறுவனத்துக்கு அவர் யாரும் இல்லைதான். எனக்குத்தான் அப்படி இல்லை.

"அந்தம்மாவுக்குத் தெரியிற மாதிரி நான் தரம் எறங்கிப் போக மாட்டேன் சார். வேணும்னா கோப்பை வேற யார்கிட்டயாவது குடுங்க" என்றேன். என் வாயிலிருந்தா இது வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் கொஞ்ச நேரம் கத்தினார். கத்திவிட்டு, "உன் இஷ்டம். இலக்கு வரலன்னா என்கிட்ட வராதே" என்று வைத்துவிட்டார். இலக்கு வரவில்லை. அதற்கான மரியாதை அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கிடைத்தது.

கடன் அனுமதியான அன்று பாத்திமாவையும் பாயையும் உட்கார வைத்து, முதல் நாள் அவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். கட்டாவிட்டால் எப்போது போன் வரும், எப்போது நோட்டீஸ் வரும், வட்டி ஏறினால் தவணை என்ன ஆகும், எங்கே என்னால் உதவ முடியும், எங்கே முடியாது. அந்த மேடம் சொன்னதைவிட விவரமாகவே சொன்னேன். அவர் விட்டுவிட்ட இரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சொன்னேன். "இதை அவங்க சொன்னாங்களா?" என்றுகூடக் கேட்டேன். "இல்ல சார், சொல்லல" என்றார் பாத்திமா. அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

பத்திரப் பதிவு திருக்கழுக்குன்றத்தில். நான் காசோலையோடு போய் இறங்கினால், படியில் அந்த மேடம் நிற்கிறார். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்! பாத்திமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்கள் கடன் ஒப்பந்தத்தை அவரிடம் படிக்கக் கொடுத்திருந்தார் பாத்திமா. எங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எதிர் வங்கியின் அதிகாரி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்து, "நல்லாயிருக்கு. போடுங்க" என்றார். என்னைப் பார்த்துச் சின்னதாக ஒரு தலையசைப்பு. அந்தத் தலையசைப்புக்காகத்தான் மண்டலத் தலைவரிடம் அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டேன் போலிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

பதிவு முடிந்தது. வீடு பாத்திமா பெயரிலும் பாய் பெயரிலும் ஆனது. பெங்களூர்ப் பையன் காசோலையை வாங்கிக்கொண்டு, பாத்திமாவிடம் "அக்கா, அம்மாவோட ரவிக்கை ஏதாவது உங்ககிட்ட இருந்தா குடுங்க" என்று கேட்டார். பாத்திமா அழுதுவிட்டார். மேடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிப் போனார். பாய் டீயும் சமோசாவும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். அந்த மேடம் சொன்னதாலதானே என்னை நம்பி வந்தீங்க? நீங்களா வந்திருக்க மாட்டீங்கதானே?"

பாத்திமா பாயைப் பார்த்தார். பாய் சமோசாவைப் பார்த்தார்.

"சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே சார்?"

"மாட்டேன், சொல்லுங்க."

"எங்க பேங்க்ல ஆவலம்மா, எதிர்ல போலாம்னு மேடம் சொன்னப்ப நான் வேணாம்னுட்டேன். இனிமே நமக்கு வேற போக்கு இல்லன்னு அந்த சாருக்குத் தெரியும், வட்டிய ஏத்திடுவாரு மேடம்னேன். அதுக்கு மேடம் சிரிச்சாங்க. 'அந்த சாருக்கு எம் மேல பொறாமம்மா. உங்கள ஏமாத்துனா எனக்குத் தெரிஞ்சி போயிடும்னே ஏமாத்த மாட்டாரு. எனக்கு மேல ஒரு படி நல்லா செஞ்சி காட்டுவாரு. அவர விட நம்பிக்கையான ஆளு உங்களுக்கு இப்ப கெடைக்காது. நானே கூட வரேன், தைரியமா வாங்க'ன்னாங்க."

"இவ நம்பல சார். நான்தான் வா போலாம்னு இட்டுகினு வந்தேன்" என்றார் பாய், சமாதானமாக.

எனக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு மனுஷன் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த சங்கதி, புதுப்பட்டினம் வரை போயிருக்கிறது. கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

நீங்களும் நானும் கடன் கேட்டு வருகிறவரின் குணம் என்ன, நாணயம் என்ன, கஷ்டம் வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்று எடை போடத்தான் சம்பளம் வாங்குகிறோம். அவர்களும் நம்மை எடை போடுகிறார்கள், அது உங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. அந்த அம்மா கடன் கொடுக்கிற என்னையே எடை போட்டு, என் பொறாமையை ஜாமீனாகப் பிடித்து, அந்தக் குடும்பத்துக்கு வீட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு வருஷ அனுபவத்தில் எனக்கு ஏன் அப்படியொரு யோசனை வரவில்லை என்று திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு வரும் வரைக்கும் பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன்.